நிறம்: சாதாரணம்

நீளவாக்கில் கட்டம் போட்ட நோட்டு.
தேதி, குளம் எண், மதகு திறந்த மணி,
தண்ணீரின் நிறம், மணம்,
கடைசியில் காவலாளி கையொப்பம்.
பதினெட்டு மாதமாக அந்தக் கடைசிக் கட்டத்தில்
நான்தான் இருக்கிறேன்:
பூ. வில்லாயுதம்.

தேவிபட்டினத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் இடையில் எங்கள் ஊர்.
அதன் முதுகில் பதினோரு இறால் குளம்.
நடுச்சாமம் தாண்டி வத்தம் இறங்கும்போது
திறக்கச் சொல்வார்கள்.
பகலில் திறந்தால் கண் படும் என்பார் சூப்பர்வைசர்.
யார் கண் என்று சொல்லமாட்டார்.

பலகையைத் தூக்கியதும் முதலில் சத்தம் வராது,
நாற்றம்தான் வரும்.
தின்னாத தீவனம், தோடு, கசடு,
சீக்கு வந்த குளமென்றால் பிளீச்சிங் பவுடர்,
எல்லாம் குழைந்து ஓடையில் இறங்கிக்
கண்டல் வேரைத் தடவிக்கொண்டே
கடலுக்குப் போகும்.
டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுதுவேன்.
நிறம்: சாதாரணம்.
மணம்: இல்லை.

சம்பளம் பன்னிரண்டாயிரம்.
மகளின் பஸ்ஸுக்கு, சிலிண்டருக்கு,
மிச்சம் லாரித் தண்ணீருக்கு.
குளம் வெட்டிய வருஷம்தான்
எங்கள் கிணறு உவர்த்தது.
குளம் கொடுப்பதைக் குளத்துக்கே கட்டுகிறோம்.
கணக்கு நேர்.

கரையில் நண்டு கழிக்கிறவள் நம்புசெல்வி.
நான் திரும்பும் நேரம் அவள் புறப்படும் நேரம்.
தெருமுனையில் கடந்துபோவோம்,
ஒரு சைக்கிளும் ஒரு வாளியும்.
வலையில் நண்டைவிடச் சளி அதிகம் என்பாள்,
தாழை முளைத்த இடமெல்லாம்
மொட்டையாய்க் கிடக்குதாம் என்பாள்.
எந்த ராத்திரி திறந்தாய் என்று மட்டும்
கேட்டதே இல்லை.
அவள் விரலிடுக்கு வெந்திருக்கும் நாளில்
இருவருக்குமே தெரியும்.

ஆடியில் சங்கத்துப் பெண்கள்
ஓடை வாயில் கண்டல் விதை ஊன்றினார்கள்.
எழுநூறு ஊன்றி அறுபது பிடித்தது.
அதிலிருந்து தெருமுனையில்
அவள் ஒரு எண்ணை மட்டும் சொல்வாள்.
"ஐம்பத்திரண்டு."
நான் பெடலை மிதிப்பேன்.
"நாற்பத்தொன்று."
சோறு எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோல,
அதே குரலில்.

சோதனைக்கு வருகிறவர்கள்
முந்தினநாளே போன் செய்துவிடுவார்கள்.
அன்று ஓடையில் வெறும் கடல் தண்ணீர்.
புதிதாக வேலைக்கு வந்த பெண்
பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்து
நெடுநேரம் பார்த்தாள்.
"தெளிவாத்தான் இருக்கு."
அவள் முகம் அதை நம்பவில்லை.
என் வாயில் ஒரு மணி இருந்தது, ஒன்றே முக்கால்.
எச்சிலோடு விழுங்கினேன்.
பாட்டிலில் பெயர்ச்சீட்டு ஒட்டினாள்,
போன் நம்பரை நோட்டின் அட்டையில் எழுதிவிட்டுப் போனாள்.

நேற்று ஏழாம் குளம்.
மூன்று நாளாய் இறால் மிதந்தது.
திற என்றார்கள், திறந்தேன்.
செத்ததும் சாகாததும் கலந்து இறங்க,
டார்ச் வெளிச்சத்தில் ஒரு மடவைக் குஞ்சு
எதிர்நீச்சல் போட்டு என் காலருகே வந்து
வாயைத் திறந்து திறந்து மூடியது.
எத்தனை தடவை பார்த்த காட்சி.
நேற்று ஏன் என்று தெரியவில்லை,
பலகையைப் போட்டுவிட்டேன்.
அதற்குள் பாதிக் குளம் போய்விட்டது.
அதையும் எழுதினேன்.

குளம்: ஏழு. மணி: ஒன்று ஐம்பது.
நிறம்: மூன்றுநாள் டீ.
மணம்: உண்டு.
பிறகு பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளி
நினைவிருந்த ராத்திரிகளில் எல்லாம்
"சாதாரணம்" என்பதை அடித்தேன்.
போன் மூன்று தடவை அடித்து ஓய்ந்தது.
ஓரத்தில் முப்பத்தொன்று என்று எழுதினேன்,
முந்தாநாள் அவள் சொன்னது.

தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி
நோட்டை அவள் வாளியில் வைத்தேன்.
அட்டையைப் பார்த்தாள், நம்பரைப் பார்த்தாள்.
"நனைஞ்சிடும்" என்று எடுத்துச்
சும்மாட்டுத் துணியில் சுற்றிக்கொண்டாள்.
நாலு எட்டு நடந்த பிறகுதான்
திரும்பாமலே சொன்னாள்:

"முப்பது."